பார்சலோனாவை அளந்த பொறியாளர்



இன்றைய பொழிவின் பொருள் இல்டெஃபோன்ஸ் செர்தாவின் வாழ்க்கை. ஸ்பெயினின் கத்தலோனியாவில் பிறந்தவர். அரசாங்கச் சாலைப் பொறியாளராக வேலை பார்த்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு நாடாளுமன்றத்துக்கும் நகரமன்றத்துக்கும் போனவர். சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டதுபோல் இன்று வானத்திலிருந்து தெரியும் பார்சலோனா நகரம் அவர் வரைந்தது. அவர் வரைந்தபடி தெருக்கள் வந்தன. அவர் வரைந்தபடி வீடுகள் வரவில்லை. தெருவில் வென்றவர் மனையில் ஏன் தோற்றார்? அவருடைய வாழ்க்கையை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் இந்தக் கேள்விக்கு விடை தானாகக் கிடைக்கும்.

1815 டிசம்பர் 23 அன்று, விக் நகரத்துக்குப் பக்கத்தில் சென்தெல்லெஸ் என்ற ஊரில், நிலபுலன் உள்ள பழைய குடும்பம் ஒன்றில் செர்தா பிறந்தார். கத்தலோனிய வழக்கப்படி பண்ணை முழுவதும் மூத்த மகனுக்கே போகும். பாகப் பிரிவினை என்ற பேச்சே கிடையாது. இளையவர்கள் பாதிரியாராகலாம், படையில் சேரலாம், ஏதாவது தொழில் கற்றுக்கொள்ளலாம். செர்தா இளையவர்களில் ஒருவர். விக் நகரத்தில் சமயக் கல்லூரியில் படிக்க அனுப்பினார்கள். அந்தப் படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. பார்சலோனாவுக்குப் போய்க் கணக்கும் கட்டடக் கலையும் படித்தார். பிறகு தலைநகரான மத்ரித்தில் சாலை, கால்வாய், துறைமுகப் பொறியாளர்களுக்கான அரசுப் பள்ளியில் சேர்ந்து 1841-ல் தேறினார்.

அந்தக் காலத்து ஸ்பெயினில் பொறியாளர் என்றால் சாதாரண ஆள் இல்லை. நாட்டுக்கே ஒரு பொறியாளர் படைப்பிரிவு போன்ற அமைப்பு இருந்தது. அதில் சேர்ந்தவர் இன்று ஒரு மாகாணத்தில் பாலம் பார்ப்பார், நாளை இன்னொரு மாகாணத்தில் சாலை போடுவார். முர்சியா, தெருவேல், தராகோனா, வலென்சியா, ஜிரோனா என்று செர்தாவும் ஊர் ஊராக மாற்றலானார். நிலத்தை அளப்பது, மண்ணைப் பார்ப்பது, செலவைக் கணக்கிடுவது, அதற்குள் வேலையை முடிப்பது என்ற பழக்கம் எல்லாம் இந்த ஆண்டுகளில் கைவந்தவை. பின்னாளில் அரசியலில் இறங்கியபோதும் இந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

1844-ல் தெற்குப் பிரான்சின் நீம் நகரத்தில் அவர் ரயிலைப் பார்த்தார். நீராவி எந்திரம் அவருக்குப் புதிதல்ல. ஆலைகளிலும் கப்பல்களிலும் முன்பே கண்டது. பின் எதைக் கண்டு திகைத்தார்? எந்திரத்துக்குப் பின்னால் வந்த கூட்டத்தைக் கண்டு திகைத்தார். நீண்ட வண்டித் தொடர் வந்து நிற்கிறது; ஒரு ஊரே இறங்குகிறது; இன்னொரு ஊரே ஏறிக்கொண்டு போகிறது. இத்தனை பேர் இத்தனை வேகத்தில் வந்து இறங்கினால், கழுதையும் கைவண்டியும் போகக் கட்டிய சந்துகள் என்ன ஆகும்? வாசல் ஒன்றும் மதில் ஒன்றுமாக இருக்கும் பழைய நகரங்கள் எப்படித் தாங்கும்? நகரத்தைப் பற்றி அவர் பிற்காலத்தில் எழுதிய பெரிய நூலின் முன்னுரையிலேயே இந்த நிகழ்ச்சியைச் சொல்லியிருக்கிறார். தம் சிந்தனை தொடங்கிய இடம் அதுதான் என்று அவரே கருதினார்.

அடுத்த திருப்பம் ஒரு துயரத்தால் வந்தது. தந்தை போனார், அண்ணன்மார் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். 1848-ல் குடும்பச் சொத்து முழுவதும் எதிர்பாராமல் செர்தாவின் கைக்கு வந்தது. அதே ஆண்டு கிளோத்தில்தே போஷ் என்ற பெண்ணை மணந்தார். மறு ஆண்டு, 1849-ல், அரசுப் பணியை ராஜினாமா செய்தார். நிரந்தர வேலையைத் தானாக விட்டவரை நம் ஊரில் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். கையில் சொத்து, வயது 33. பண்ணையில் உட்கார்ந்து குத்தகை வசூலித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் அந்தப் பணத்தையும் பொழுதையும் நகரம் என்ற ஒரே பொருளுக்குச் செலவிட முடிவு செய்தார். கடைசிவரை செலவிட்டார். சொத்து தீரும்வரை செலவிட்டார்.

அவர் எடுத்துக்கொண்ட நகரம் எப்படி இருந்தது?

அன்றைய பார்சலோனா மதிலுக்குள் பூட்டி வைத்த ஊர். 1714-ல் போர்பன் மன்னர் ஐந்தாம் பிலிப்பின் படை நகரத்தைப் பிடித்தது. மறுபடி தலைதூக்கக் கூடாது என்பதற்காக ரிபேரா பேட்டையின் பெரும்பகுதியை இடித்துத் தள்ளி, அங்கே ஒரு கோட்டையைக் கட்டினார்கள். கோட்டையின் பீரங்கி வெளியில் வரும் எதிரியையும் சுடும், உள்ளே கிளர்ச்சி செய்யும் குடிமக்களையும் சுடும். 1842-ல் மொன்ஜுயிக் குன்றின் மேலிருந்து நகரத்தின் மீதே குண்டு வீசினார்கள் என்பது வரலாறு. மதிலுக்கு வெளியே ஒரு கிலோமீட்டருக்கும் மேல், பீரங்கி எட்டும் தூரம் வரை, யாரும் வீடு கட்டக் கூடாது என்று இராணுவத்தின் தடை. ஆகவே வெளியே பரந்த வெற்று நிலம். உள்ளே மூச்சு முட்டும் நெரிசல்.

ஆலைகள் வந்துகொண்டே இருந்தன. ஜவுளி நூற்பும் நெசவும் பெருகப் பெருக, கிராமத்து மக்கள் மதிலுக்குள் வந்து குவிந்தார்கள். அகலத்தில் வளர வழியில்லை, உயரத்தில் வளர்ந்தார்கள். மாடி மேல் மாடி எழுப்பினார்கள். தெருவுக்கு மேலே வளைவு கட்டி அதன் மேலும் அறை எடுத்தார்கள். ஒரு ஹெக்டேரில் ஏறத்தாழ 850 பேர் வாழ்ந்தார்கள். பாரிஸின் நெரிசல் அதில் பாதிகூட இல்லை. 1834-ல் காலரா வந்தது. 1854-ல் மறுபடி வந்து ஆறாயிரம் பேர் அளவில் கொண்டுபோயிற்று. இறந்தவர்களின் சராசரி வயதைக் கணக்கெடுத்தபோது செல்வர்களுக்கு 36 என்றும் தொழிலாளிகளுக்கு 23 என்றும் வந்தது. ஒரே ஊர், ஒரே காற்று, ஒரே கடற்கரை. ஏழைக்குப் பதின்மூன்று ஆண்டு குறைவு!

மதிலை இடி என்ற குரல் முதலில் மருத்துவர்களிடமிருந்து வந்தது. 1841-ல் பெத்ரோ பெலிப்பே மொன்லாவ் என்ற மருத்துவர், மதில்கள் ஒழியட்டும் என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதி நகரமன்றத்தின் பரிசைப் பெற்றார். பரிசு கொடுத்த நகரமன்றத்துக்கு மதிலின் ஒரு கல்லைத் தொடக்கூட அதிகாரம் இல்லை. அதிகாரம் மத்ரித்தில் இருந்த அரசுக்கும் இராணுவத்துக்கும் உரியது. பொறியாளர் ஒருவர் அரசியலுக்கு ஏன் போக வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

செர்தா முற்போக்குக் கட்சியின் சார்பில் 1851-ல் பார்சலோனாவிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினரானார். அங்கே அவர் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. உண்மையான வாய்ப்பு 1854-ல் வந்தது. அந்த ஆண்டுப் புரட்சியில் முற்போக்குக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. இரண்டு ஆண்டுகள் நீடித்தது. செர்தா பார்சலோனா நகரமன்ற உறுப்பினரானார். குடிமக்கள் படையிலும் பொறுப்பு வகித்தார். அந்த ஆகஸ்டில் மதிலை இடிக்க அனுமதி வந்தது. மக்கள் கடப்பாரையோடு ஓடினார்கள்.

மதில் விழுந்தால் போதுமா? தொழிலாளர் கொதிப்பு ஒருபுறம். புதிதாக வந்த தானியங்கி நூற்பு எந்திரம் வேலையைப் பறிக்கிறது என்று 1854 ஜூலையில் எந்திரங்களைக் கொளுத்தினார்கள். 1855 ஜூலையில் சங்கம் வைக்கும் உரிமை கேட்டுப் பொது வேலைநிறுத்தம். ஸ்பெயினின் முதல் பொது வேலைநிறுத்தம் என்று வரலாற்றாசிரியர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். முதலாளிகள் ஒன்று சொன்னார்கள். தொழிலாளிகள் வேறு சொன்னார்கள். கூலி போதும் என்று ஒரு கட்சி, போதாது என்று ஒரு கட்சி. இருவரிடமும் குரல் இருந்தது. யாரிடமும் கணக்கு இல்லை.

செர்தா கணக்கெடுக்கப் போனார். அவருடைய வாழ்க்கையில் தனியாக நின்று பார்க்க வேண்டிய இடம் இது. 1856-ல் பார்சலோனாத் தொழிலாளர் வகுப்பைப் பற்றி அவர் தயாரித்த புள்ளிவிவர ஆய்வு, தொழில் தொழிலாகப் பிரித்துப் பேசுகிறது. நெசவாளி எத்தனை பேர், கொத்தனார் எத்தனை பேர், தச்சர், செருப்புத் தைப்பவர், அச்சுக் கோப்பவர் எத்தனை பேர்? ஆண்டில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது? மழையாலும் திருநாளாலும் எத்தனை நாள் கூலி போகிறது? நாள் கூலி என்ன? பிறகு செலவுப் பக்கம்: தனியாள் ஒருவருக்கு ரொட்டிக்கு எவ்வளவு, எண்ணெய்க்கு எவ்வளவு, விளக்குக்கு எவ்வளவு, துணி துவைக்க எவ்வளவு? மணமானவருக்கு எவ்வளவு? பிள்ளை பிறந்தால் எவ்வளவு? வாடகைக்கு எவ்வளவு?

இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்த்தால் தெரிந்தது என்ன? பெரும்பாலான தொழில்களில் கூலி, குடும்பத்தின் அத்தியாவசியச் செலவுக்கே எட்டவில்லை. கிடைக்கும் காசில் மிகச் சிறிய அறைக்கு மிகப் பெரிய வாடகை போனது. ஒரு சதுர அடிக்கு என்று கணக்கிட்டால் ஏழை கொடுத்த வாடகை அதிகம். ஆவேசமான சொல் ஒன்றுகூட இல்லாமல், பத்தி பத்தியாக எண்களை அடுக்கியே இதை அவர் நிறுவினார். அந்தக் காலத்து எந்தத் துண்டுப் பிரசுரத்தையும்விட இந்த எண்களில் சூடு அதிகம்.

அதற்கு முன்பே, 1855-ல், அவர் இன்னொரு வேலையை முடித்திருந்தார். மதிலுக்கு வெளியே இருந்த சமவெளி முழுவதையும் அளந்து, 1:1250 என்ற அளவில் வரைபடம் தயாரித்தார். நிலத்தின் மேடு பள்ளம், ஓடைகள், வாய்க்கால், பழைய வண்டிப் பாதைகள், ஆங்காங்கே இருந்த வீடுகள் எல்லாம் அதில் இருந்தன. மதில் விழுந்த பரபரப்பில் எல்லோரும் புதிய நகரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த நகரம் எழ வேண்டிய மண்ணின் உயரமும் சரிவும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

1856-ல் ஆட்சி கவிழ்ந்தது. குடிமக்கள் படை கலைக்கப்பட்டது. செர்தா கைதானார், பதவியும் போயிற்று. வேறொருவராக இருந்தால் பண்ணைக்குத் திரும்பியிருப்பார். அவர் வரைபடத்தோடு மத்ரித்துக்குப் போனார்.

அங்கிருந்துதான் பெரிய சண்டை தொடங்குகிறது. நகர விரிவாக்கத் திட்டத்தைத் தயாரிக்க 1859 பிப்ரவரியில் மத்ரித் அரசு செர்தாவுக்கு அனுமதி கொடுத்தது. பார்சலோனா நகரமன்றம் கொதித்தெழுந்தது. எங்கள் ஊரை விரிவாக்க நீங்கள் யார் ஆள் வைக்க? நகரமன்றம் தானே ஒரு போட்டியை அறிவித்தது. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, ஜூன் மாதம், மத்ரித் அரசு செர்தாவின் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. நகரமன்றம் விடவில்லை. அக்டோபரில் போட்டியின் முடிவை வெளியிட்டது: கட்டடக் கலைஞர் அந்தோனி ரோவிரா இ த்ரியாஸ் முதலிடம். பழைய நகரத்தை நடுவில் வைத்து, அதிலிருந்து கதிர்போல் சாலைகள் விரியும் அழகான திட்டம் அவருடையது. இரண்டு திட்டங்கள், இரண்டு கட்சிகள், ஒரே நிலம். 1860 மே 31 அன்று அரசாணை வந்தது. செர்தாவின் திட்டமே உறுதியானது.

நகரத்துக்கு நன்மை செய்ய வந்தவரை நகரமே ஏன் எதிர்த்தது? மத்ரித் திணித்தது என்ற கோபம் ஒன்று. அதில் நியாயமும் இருந்தது. உள்ளூர் மன்றம் தேர்ந்தெடுத்ததைத் தலைநகரம் ஒதுக்கித் தள்ளினால் எந்த ஊர்தான் பொறுக்கும்? நகரத்தை வரைவது எங்கள் தொழில், சாலை போடுகிறவருக்கு இங்கே என்ன வேலை என்ற கட்டடக் கலைஞர்களின் கோபம் இன்னொன்று. இவற்றைவிட ஆழமானது, வெளியே சொல்லப்படாதது, நிலச் சொந்தக்காரர்களின் கோபம். தங்கள் மனையில் பாதிக்கு மேல் தோட்டமாக விடச் சொல்கிற திட்டத்தை அவர்கள் எப்படி விரும்புவார்கள்?

திட்டத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

மொன்ஜுயிக் குன்றிலிருந்து பெசோஸ் ஆறு வரை சமவெளி முழுவதும் ஒரே அளவுச் சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்தின் பக்கமும் 113.3 மீட்டர். சதுரங்களுக்கு இடையே 20 மீட்டர் அகலத் தெரு. அதில் 10 மீட்டர் வண்டிக்கு, இரு பக்கமும் ஐந்தைந்து மீட்டர் நடப்பவர்களுக்கு. அதாவது தெருவில் சரிபாதி கால்நடையாகப் போகிறவர்களுக்கு! மோட்டார் வண்டியே பிறக்காத காலத்தில் 20 மீட்டர்த் தெரு எதற்கு என்று அன்று சிரித்தார்கள். தெருவோரம் எட்டு மீட்டருக்கு ஒரு மரம். நகரத்தைக் குறுக்கே வெட்டும் தியாகொனால், மெரிதியானா, கிரான் வியா என்ற பெருஞ்சாலைகள் 50 மீட்டர் அகலம். மூன்றும் சந்திக்கும் குளோரியெஸ் சதுக்கமே புதிய நகரத்தின் மையம் என்று அவர் எண்ணினார்.

சதுரங்கள் நேர் வடக்கு நோக்கி நிற்கவில்லை. 45 பாகை திரும்பி நிற்கின்றன. ஏன்? நேர் வடக்கே பார்த்த சுவருக்கு அந்த ஊரில் ஆண்டின் பெரும்பகுதி வெயில் கிடைக்காது. திருப்பி வைத்தால் வீட்டின் எல்லாப் பக்கத்துக்கும் நாளில் ஏதோ ஒரு நேரம் வெயில் உண்டு. மலையிலிருந்து கடல் நோக்கி இறங்கும் தெருக்களில் மழைநீர் தானாக வடியும். கடற்காற்று தானாக ஏறும்.

இனி அந்த மூலைகள். ஒவ்வொரு சதுரத்தின் நான்கு மூலைகளையும் 20 மீட்டர் அகலத்துக்குச் சாய்வாக வெட்டிவிட்டார். நான்கு சதுரங்கள் கூடும் இடத்தில் நான்கு மூலை வெட்டுகள் சேர்ந்து எண்கோண வடிவில் ஒரு திறந்த இடம் கிடைக்கிறது. நீம் நகரத்தில் ரயிலைப் பார்த்தவர் அல்லவா? ஒருநாள் இந்தத் தெருக்களிலும் நீராவி வண்டிகள் ஓடும், அவை திரும்ப இடம் வேண்டும், எதிரே வருவது தெரிய வேண்டும் என்று கணக்கிட்டார். நீராவி வண்டி வரவில்லை. காரும் பஸ்ஸும் லாரியும் வந்தன. அந்த மூலைகளில் இன்று சரக்கு இறக்குகிறார்கள், வண்டி நிறுத்துகிறார்கள். கட்டடக் கலைஞர் காவ்தி கட்டிய புகழ்பெற்ற மிலா மாளிகை அலை அலையாக வளைந்து நிற்பதும் செர்தா வெட்டிய ஒரு மூலையில்தான்.

ஆனால் திட்டத்தின் உயிர் தெருவில் இல்லை, சதுரத்துக்குள்ளே இருக்கிறது. நான்கு பக்கமும் கட்டடம் எழக் கூடாது. இரண்டே பக்கத்தில்தான் கட்டலாம். உயரம் 16 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. மீதி இடம் தோட்டம். ஒரு சதுரத்தின் தோட்டம் அடுத்ததன் தோட்டத்தோடு சேரும். தெருவைத் தாண்டினால் மறுபடி தோட்டம். இருபத்தைந்து சதுரங்கள் சேர்ந்தது ஒரு பேட்டை. அதற்குப் பள்ளிக்கூடம், குழந்தைகள் காப்பகம், கோயில் எல்லாம் உண்டு. நான்கு பேட்டைகளுக்கு ஒரு சந்தை. பெரிய மருத்துவமனைகளுக்கும் பூங்காக்களுக்கும் தனி இடம். பெசோஸ் ஆற்றங்கரையில் ஒரு பெருங்காடு. பணக்காரர் தெரு, ஏழைகள் தெரு என்ற பேதம் வரைபடத்தில் எங்குமே இல்லை. எல்லாச் சதுரமும் ஒரே அளவு. எல்லாத் தெருவிலும் ஒரே மரம். 1856-ன் புள்ளிவிவரத்துக்கு 1859-ன் வரைபடம் பதில் சொன்னது.

1860-ல் அரசி இரண்டாம் இசபெல் அடிக்கல் நாட்டினார். செர்தாவுக்கு அதன் பிறகும் ஓய்வு இல்லை. விளைநிலங்களின் பழைய எல்லைகள் கோணல் மாணலாக ஓடின. புதிய தெருக்கள் நேராக ஓடின. ஒருவருடைய நிலத்தின் நடுவே தெரு போகும். இன்னொருவருக்கு முக்கோணத் துண்டு மிஞ்சும். நிலங்களை ஒன்றுசேர்த்து, தெருவுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியை அவரவர் பங்குக்கு ஏற்பக் கட்டத் தகுந்த மனைகளாகத் திருப்பிக் கொடுக்கும் முறையை அவர் வகுத்தார். இன்று பல நாடுகளில் நிலத் தொகுப்புத் திட்டம் என்று நடப்பதற்கு அது ஒரு முன்னோடி. 1863-ல் மறுபடி நகரமன்ற உறுப்பினரானார். 1866 வரை இருந்தார். 1864-ல் ஸ்பெயின் நாடாளுமன்றம் நகர விரிவாக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. புதிய பகுதியில் வசூலாகும் வரியைக் கொண்டே அதன் தெருக்களுக்கும் சாக்கடைகளுக்கும் பணம் தேட அது வழிசெய்தது.

இப்போது முதலில் எழுப்பிய கேள்விக்கு வரலாம். தெரு வந்தது, தோட்டம் ஏன் வரவில்லை?

செர்தா அரசிடம் கொடுத்தது வரைபடம் மட்டுமல்ல. கட்டட விதிகளும் பொருளாதாரத் திட்டமும் சேர்த்தே கொடுத்தார். எத்தனை பக்கம் கட்டலாம், எவ்வளவு ஆழம் கட்டலாம், எத்தனை மாடி போடலாம், ஒரு வீட்டுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதெல்லாம் அந்த விதிகளில் இருந்தது. அரசு வரைபடத்துக்கு முத்திரை குத்தியது. விதிகளுக்குக் குத்தவில்லை. தெருவின் கோடு சட்டமாயிற்று. சதுரத்தின் உள்ளே என்ன நடக்க வேண்டும் என்பது வெறும் யோசனையாக நின்றது. நம் ஊர் மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கு என்று விட்ட இடம் சில ஆண்டுகளில் காணாமல் போவதைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்.

முதலில் இரண்டு பக்கம் கட்டினார்கள். பிறகு மூன்றாவது பக்கம், பிறகு நான்காவது. சதுரம் மூடிக்கொண்டது. பிறகு நடுவில் பட்டறையும் கிடங்கும் வந்தன. 1891-ன் நகர விதிகள் உயரத்தைக் கூட்டின. இருபதாம் நூற்றாண்டில் மேலும் மேலும் கூட்டினார்கள். பிராங்கோவின் சர்வாதிகாரக் காலத்தில் மொட்டை மாடிக்கு மேலும் மாடி எழுந்தது. செர்தா ஒரு சதுரத்துக்கு என்று கணக்கிட்ட கட்டட அளவைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் ஒரு நூற்றாண்டில் ஏறிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு சொந்தக்காரர் கேட்டார், ஒரு மன்றம் கொடுத்தது.

சமத்துவமும் அப்படியே கரைந்தது. ரயில் தடம் ஓடிய பல்மேஸ் தெரு எல்லையாயிற்று. அதன் வலப்புறம், கிராசியா பெருவீதியை ஒட்டி, ஆலை முதலாளிகளின் மாளிகைகள். இடப்புறம் இறைச்சிக் கூடமும் சிறைச்சாலையும் மருத்துவமனையும். தொழிலாளிகள் போப்லெநோ, சான்ஸ் என்று விளிம்புகளில் ஒண்டினார்கள். யாருக்காகக் கணக்கெடுத்தாரோ அவர்களுக்கு அந்த நகரத்தில் வாடகை கட்டுப்படியாகவில்லை. முழு நகரத்துக்குமான சாக்கடைத் திட்டம்கூட பெரே கார்சியா ஃபாரியா என்ற இன்னொரு பொறியாளரின் கையால் 1891-ல்தான் உருவாயிற்று. அதுவரை புதிய வீடுகளிலும் காய்ச்சல் வந்துகொண்டுதான் இருந்தது.

1867-ல் செர்தா நகரமயமாக்கலின் பொதுக் கோட்பாடு என்ற நூலை இரண்டு பருத்த தொகுதிகளாக வெளியிட்டார். தொழிலாளர் புள்ளிவிவரம் அதில்தான் அச்சேறியது. நகரமைப்பைத் தனி அறிவுத்துறையாக வகுத்த முதல் நூல்களில் அது ஒன்று. இருந்தாலும் ஒன்றை மறைக்க வேண்டியதில்லை: படிக்கக் கடினமான நூல். வாக்கியங்கள் நீளம், வகைப்பாடுகள் ஏராளம், சொல்லாக்கங்கள் அதைவிட ஏராளம். அன்று அதைப் படித்தவர்கள் மிகக் குறைவு. அதே காலத்தில் பாரிஸை இடித்துக் கட்டிய ஓஸ்மானின் பெயர் ஐரோப்பா முழுவதும் பரவியது. ஓஸ்மானுக்குப் பின்னால் பேரரசர் இருந்தார். செர்தாவுக்குப் பின்னால் தம் பண்ணையின் வருமானம் மட்டுமே இருந்தது. அதுவும் வற்றிக்கொண்டிருந்தது.

1873-ல் ஸ்பெயின் முதல் குடியரசாயிற்று. கூட்டாட்சிக் குடியரசுவாதியாக மாறியிருந்த செர்தா, பார்சலோனா மாகாண மன்றத்தின் துணைத் தலைவரானார். தலைவர் பொறுப்பையும் சில காலம் பார்த்தார். உள்நாட்டுப் போர் ஒருபுறம், வெற்றுக் கஜானா ஒருபுறம். மறு ஆண்டே குடியரசு கவிழ்ந்தது. அதோடு அவருடைய அரசியலும் முடிந்தது. உடல்நலம் கெட்டு, குடும்பம் பிரிந்து, கடனோடு வடக்கே போனார். 1876 ஆகஸ்ட் 21 அன்று, சந்தாந்தேர் மாகாணத்தில் லாஸ் கால்தாஸ் தெ பெசாயா என்ற வெந்நீர் ஊற்று ஊரில் காலமானார். நகரமும் அரசும் அவருக்குக் கொடுக்க வேண்டிய கட்டணம் அவர் கைக்கு வரவேயில்லை.

இறந்த பிறகாவது ஊர் மன்னித்ததா? இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கத்தலோனிய தேசியம் எழுச்சி பெற்றபோது, கட்டடக் கலைஞரும் அரசியல்வாதியுமான பூய்க் இ கதாஃபால்க் செர்தாவின் கட்டங்களைச் சலிப்பூட்டும் ஒரே மாதிரி அமைப்பு என்று சாடினார். லியோன் ஜோஸ்லி என்ற பிரெஞ்சுக்காரரைக் கொண்டு ஒரு புதிய திட்டமும் வரையச் செய்தார்கள். போட்டியில் வென்றும் திட்டத்தை இழந்த ரோவிரா இ த்ரியாஸோ பிற்பாடு நகரத்தின் கட்டடப் பொறுப்பில் அமர்ந்தார். அவர் வடிவமைத்த சான்ட் அந்தோனி சந்தை 1882-ல் திறக்கப்பட்டது. செர்தாவின் ஒரு சதுரத்தை முழுவதும் அடைத்துக்கொண்டு இன்றும் நிற்கிறது. கிராசியா பகுதியில் ரோவிராவின் பெயரிலேயே ஒரு சதுக்கம். அங்கே பெஞ்சில் அமர்ந்த நிலையில் அவருக்கு வெண்கலச் சிலை, காலடியில் அவருடைய நிறைவேறாத திட்டம். செர்தாவின் பெயர் நகரத்தின் விளிம்பில், வண்டிகள் இரையும் ஒரு சாலைச் சந்திப்புக்கு வைக்கப்பட்டது.

அவரை மீட்டது பொருளாதாரப் பேராசிரியர் ஃபாபியான் எஸ்தாப்பே. 1968-ல் அந்தக் கோட்பாட்டு நூலை மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். அதற்குச் சில ஆண்டுகளில் செர்தாவின் உடல் எச்சங்கள் பார்சலோனாவுக்குக் கொண்டுவரப்பட்டு கொல்செரோலா இடுகாட்டில் வைக்கப்பட்டன. திட்டத்தின் 150-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி 2009-ல் நகரமே செர்தா ஆண்டு என்று கொண்டாடியது.

கொண்டாட்டத்தைவிடப் பெரிய காரியம் ஒன்று 1980-களின் பிற்பகுதியிலிருந்து நடந்து வருகிறது. பட்டறைகளும் கிடங்குகளும் காலியாகக் காலியாக, மூடிப்போன சதுரங்களின் உட்புறத்தை நகரமன்றம் ஒவ்வொன்றாக வாங்கி, பொதுத் தோட்டமாகத் திறக்கிறது. ரோஜர் தெ யூரியா தெருவில் பழைய தண்ணீர்க் கோபுரத்தைச் சுற்றியுள்ள முற்றம் அப்படித் திறந்தவற்றில் முதன்மையானது. கோடையில் அங்கே குழந்தைகள் நீந்துகிறார்கள். 2016-லிருந்து சில சதுரங்களைச் சேர்த்துப் பெருஞ்சதுரமாக்கி, உள்தெருக்களில் வண்டிப் போக்குவரத்தைக் குறைக்கும் முயற்சியும் நடக்கிறது. அதற்கும் கடைக்காரர்களிடமிருந்தும் வண்டிக்காரர்களிடமிருந்தும் எதிர்ப்பு உண்டு, வழக்குகளும் உண்டு. தெருவை அகலமாக விட்டுப் போனதால்தான் இந்த விவாதத்துக்கே இடம் இருக்கிறது. ஆனால் செர்தா காகிதத்தில் இனாமாகக் கொடுத்த தோட்டங்களை, பார்சலோனா இன்று சந்தை விலை கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறது.